டிஎன்எஸ் (தளத்தின் பெயரைக் கேட்டால் அதன் ஐபி முகவரியைச் சொல்லும் அமைப்பு) லாக்கில் நீங்கள் பார்த்த புரியாத கேள்வி எது?

ராக்கோழி:
2019. காலை ஒன்பது மணி ஆனால் போதும், கணினிகளுக்காகப் பெயரைத் தேடித் தரும் ரிசால்வரின் லாக்கில் குப்பை கொட்டும். புள்ளியே இல்லாத பெயர்கள், 7 முதல் 15 எழுத்து, வாயில் நுழையாதவை. மும்மூன்றாக வரும், எல்லாவற்றுக்கும் பதில் என்எக்ஸ்டொமைன், அதாவது அப்படி ஒரு பெயரே இல்லை. வைரஸ்தான் என்று முடிவு கட்டி, கணக்குப் பிரிவு அக்காவின் கணினியிலிருந்து கேபிளை உருவிவிட்டேன். சாயங்காலம் எல்லாவற்றையும் அழித்து, புதிதாக நிறுவிக் கொடுத்தேன். அக்கா குரோமைத் திறக்கிறார், என் திரையில் டக் டக் டக் என்று மூன்று வரி! மூடித் திறக்கச் சொன்னேன். மறுபடி மூன்று. இல்லாத பெயருக்கும் யாராவது பொய்ப் பதில் தருகிறார்களா என்று குரோமே சோதித்துப் பார்த்திருக்கிறது. அக்காவை எப்படிச் சமாளித்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

போர்ட்53:
எங்களுக்கு வந்தது வேறு ரகம். எங்கள் டொமைன் பெயர்தான், ஆனால் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கன்னாபின்னாவென்று கலந்து, ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி. ஃபயர்வால் பார்ப்பவர் "எவனோ விளையாடுகிறான்" என்று அந்த முகவரிகளை முடக்கினார். அரை மணியில் தளம் திறக்கவில்லை என்று போன் மேல் போன். முடக்கியது பொது ரிசால்வர்களை! எழுத்தைக் கலைத்து அனுப்புவார்களாம், பதிலிலும் அதே கலவை திரும்பினால்தான் நம்புவார்களாம். போலிப் பதிலைப் பிடிக்க ஒரு தந்திரம்.

கறார்பேர்வழி:
ராக்கோழி, லாக்கைப் பார்த்ததும் கேபிளை உருவுவதா? எத்தனை கணினியிலிருந்து வருகிறது என்று முதலில் எண்ண வேண்டாமா? மால்வேர் உண்டாக்கும் பெயர் என்றால் பின்னால் டாட் காம் மாதிரி ஏதாவது ஒட்டியிருக்கும். பதிவு செய்யவே முடியாத பெயரால் அதற்கு என்ன லாபம்? புள்ளி இல்லாததே துப்பு. அப்புறம், சொந்த டொமைனுக்கு முன்னால் தாறுமாறான எழுத்துகள் வந்து குவிந்தால் அது வேறு கதை. எதுவும் கேஷில் (ரிசால்வர் முன்பே கேட்டுச் சேமித்த பதில்களில்) இருக்காது, ஒவ்வொன்றும் உங்கள் டொமைனுக்குப் பதில் சொல்லும் நேம்சர்வரையே வந்து இடிக்கும். தாக்குதல்தான். முகவரிக்குப் பதில் வெறும் உரையைக் கேட்கும் டிஎக்ஸ்டி வகைக் கேள்விகள், புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே 63 எழுத்து வரம்பை முட்டும் நீளம், எல்லாம் ஒரே டொமைனுக்கு என்றால் யாரோ தரவைக் கடத்துகிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். என் கதையா? 2020இல் ஐஓஎஸ் 14 வந்தபோது 65ஆம் வகை என்று கேள்விகள் குவிந்தன. தளத்தோடு எச்டிடிபிஎஸ்ஸில் எப்படி இணைவது என்று கேட்கும் புது வகையாம். சரி, நானும் பயந்தேன்.

ராக்கோழி:
எண்ணினேன் சார். 40 கணினியிலிருந்தும் வந்தது. நாற்பதிலும் வைரஸ் என்றுதான் நினைத்தேன். 2020 கடைசியில் குரோம் 87 வந்த பிறகு லாக் அடங்கிவிட்டது. அக்காதான் இன்னும் என்னைக் கண்டால் கேபிளைப் பிடித்துக்கொள்கிறார்.