சூசெட்டில் தீ ஏறவில்லை: மேசையருகே செய்து பரிமாறும் ஹோட்டல் உணவகங்களில் நீங்கள் கண்டது என்ன?

வெள்ளித்தட்டு

லண்டனில் பழைய பெரிய ஹோட்டல் ஒன்று. பெயர் வேண்டாம். கிரேப் சூசெட், இரண்டு பேருக்கு: ஆரஞ்சுச் சாஸில் ஊறும் மெல்லிய பிரெஞ்சு தோசை, கடைசியில் பிராந்தி ஊற்றித் தீயிடுவார்கள். மேசையருகே சமைக்கும் குவெரிடான் வண்டி வந்தது, அடுப்பு பற்றியது, சர்க்கரை, வெண்ணெய், ஆரஞ்சுச் சாறு, மடித்த கிரேப் எல்லாம் வரிசையாகச் சட்டிக்குள் போயின. இதுவரை எல்லாருக்கும் தெரிந்த கதைதான். கடைசியில் பரிமாறுநர் பிராந்தியை ஊற்றிச் சட்டியைத் தீப் பக்கம் சாய்த்தார். தீ ஏறவில்லை. மறுபடி ஊற்றினார், சாய்த்தார். ஊஹும். மூன்றாவது தடவை சட்டைப்பையிலிருந்து லைட்டர் வந்தது. விளிம்பில் ஒரு நீலக் கோடு ஓடி இரண்டே நொடியில் அணைந்தது.

அந்த நீலக் கோடு இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. 40 சதவீத மதுவின் ஆவி தீப்பிடிக்க அது சுமார் 26 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும். ஏசி ஓடும் கூடத்தில், உலோகத் தட்டில் ஒரு மணி நேரம் நின்ற புட்டி 20 டிகிரியைத் தாண்டாது. அளவுக் குவளையில் ஊற்றி அடுப்போரம் அரை நிமிடம் வைத்திருந்தாலே போதும். அது நடக்காததால் மூன்று தடவை ஊற்ற வேண்டியதாயிற்று. சாஸ் கசந்தது, கிரேப் அதிக நேரம் கொதிசாற்றில் ஊறி ஓரமெல்லாம் பிய்ந்தது.

கரண்டிமுள்

வெள்ளித்தட்டு சார், 26 டிகிரி கணக்கு சரி. ஆனா காரணம் அது இல்லை. கொதிக்கிற சட்டில விழுற பிராந்தி ஒரு நொடில சூடாகிடும், புட்டி ஜில்லுனு இருந்தா என்ன? சாறு வத்தலை, அதான் விஷயம்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 45 மில்லி பிராந்தில ஆல்கஹால் 18 மில்லி. சட்டில சாறு 150 மில்லி அப்படியே நின்னா, மொத்தம் 195-ல 18. கிட்டத்தட்ட 9 சதவீதம், காட்டமான பீர் மாதிரி. எங்கேருந்து தீ ஏறும்? அதே சாறு 50 மில்லியா வத்தியிருந்தா 95-ல 18, அதாவது 19 சதவீதம். சட்டியும் சூடா இருக்கும், ஆவி ஒரே மூச்சுல மேல வரும், சாய்ச்சவுடனே பிடிச்சுக்கும்.

ரெண்டு பேருக்கு ஆறு கிரேப். சர்க்கரை 50 கிராம், முதல்ல அது மட்டும், இளம் தேன் நிறம் வர்ற வரைக்கும். உடனே 50 கிராம் வெண்ணெய், நிறம் அதோட நிக்கும். அப்புறம் ரெண்டு ஆரஞ்சோட சாறு, துருவின தோல், கொஞ்சம் எலுமிச்சை. சாறு ஜில்லுனு விழுந்தா சர்க்கரை கண்ணாடித் துண்டாட்டம் இறுகிடும். பயப்பட வேண்டாம், முள்கரண்டியால ஒரு நிமிஷம் கிளறினா கரைஞ்சிடும். அவசரப்பட்டுக் கிரேப்பைப் போட்டாத்தான் கடிக்கிறப்ப நறநறன்னு இருக்கும். சாறு கரண்டி முதுகுல ஒட்டுற பதத்துக்கு வத்தணும். அதுக்கப்புறம்தான் கிரேப். ஒவ்வொண்ணா விரிச்சு, ரெண்டு பக்கமும் நனைச்சு, நாலா மடிச்சு ஓரமா ஒதுக்கணும். அந்த ஓரத்துக்கு எதிர்ப்பக்கம் சட்டி காலியா இருக்கணும், பிராந்தி அங்கே விழணும், கிரேப் மேல இல்லை. 

இன்னொண்ணு. புட்டிலேருந்து நேரா ஊத்தவே கூடாது, தீ மேலேறிப் புட்டிக்குள்ள போயிடும். வெள்ளீயம் பூசின செம்புச் சட்டியா இருந்தா காலியா அடுப்புல வைக்கவும் கூடாது. வெள்ளீயம் 232 டிகிரில உருகும், காலிச் சட்டி அந்தச் சூட்டைத் தொட நேரமே ஆகாது.

வெள்ளித்தட்டு

ஒத்துக்கொள்கிறேன். தட்டில் வந்த சாஸ் தண்ணீர்போல ஓடியது. சாறு வற்றவே இல்லை.

பழையமெனு

இரண்டு பேரும் தீயைப் பற்றியே பேசுகிறீர்கள். சூசெட்டுக்குத் தீ தேவையா என்பதே கேள்வி. பிரெஞ்சு சமையல் வல்லுநர் எஸ்காஃபியே 1903-இல் வெளியிட்ட சமையல் நூலில் இருக்கும் கிரேப் சூசெட்டில் தீயே கிடையாது. மாவிலும் வெண்ணெயிலும் குராசா என்ற ஆரஞ்சு மதுவும் மாண்டரின் ஆரஞ்சுச் சாறும் சேரும், அவ்வளவுதான். மான்டி கார்லோவில் 1895-இல் தற்செயலாகத் தீப்பிடித்துப் பிறந்தது என்பது ஆன்றி ஷார்பாந்தியே என்ற சமையற்காரர் பிற்காலத்தில் சொல்லிக்கொண்டது. அதை ஏற்காத சமையல் வரலாற்றாளர்கள் நிறைய.

‘தீ வைத்தால் மது எல்லாம் எரிந்துவிடும்’ என்று மேசையில் சொல்லப்படுவதைக் கேட்கும்போதுதான் மனம் கொதிக்கிறது. எரியாது. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, தீயிட்டு இறக்கிய பண்டத்தில் ஊற்றிய ஆல்கஹாலில் சுமார் 75 சதவீதம் அப்படியே தங்குகிறது. மது தொடாதவர், குழந்தை, கர்ப்பிணி, மருந்து எடுப்பவர் யாராக இருந்தாலும் ‘தீயில் போய்விட்டது’ என்ற சமாதானத்தை நம்பிச் சாப்பிடக் கூடாது. மது இல்லாமல் சாறும் வெண்ணெயும் மட்டும் வைத்துச் செய்யச் சொல்லலாம். நல்ல பரிமாறுநர் முகம் சுளிக்காமல் செய்வார், ருசியும் குறையாது.

கடலோரம்

சூசெட்டை விடுங்க. டோவர் சோல் மேசையில முள் எடுக்கிறதைப் பார்த்தவங்க இருக்கீங்களா? நம்மூர் நாக்கு மீன் மாதிரி தட்டை மீன், முழுசா வெண்ணெயில பொரிச்சு வரும். ஒரு கூடத்துல பார்த்தது: கரண்டியைக் கொடுத்து நடுமுள்ளைத் தூக்கினதும் கீழ்ச்சதை ரெண்டும் முள்ளோடயே ஒட்டிக்கிட்டு எழும்பிடுச்சு. தட்டுல வெண்ணெய் மட்டும். அந்தப் பையனோட கை அப்படியே அந்தரத்துல நின்னுது. பாவம், மேல வைக்கவும் முடியலை, கீழ வைக்கவும் முடியலை.

பையன் மேல தப்பே இல்லைங்க. சமையலறைல ரெண்டு நிமிஷம் முன்னாடியே இறக்கிட்டாங்க. முள்ளை ஒட்டின சதை இளஞ்சிவப்பா, கண்ணாடியாட்டம் இருந்தா எந்தக் கைக்கும் அது வராது. அதிகமா வெந்தாலும் வராது, அப்ப சதை உதிரும். முள்ளோரம் வெள்ளையா மாறுன அந்தக் கணத்துல எடுத்தாத்தான் கரண்டி வழுக்கிட்டுப் போகும்.

கத்தியே வேணாம், கரண்டியும் முள்கரண்டியும் போதும். முதல்ல ரெண்டு ஓரத்துலயும் இருக்கிற துடுப்புமுள் வரிசையை வெளிப்பக்கமா நெட்டி ஒதுக்கணும். இதை விட்டுட்டுத் தொடங்கினா ஊசிமுள் சதையோட கலந்து தொண்டைல நிக்கும். அப்புறம் நடுக்கோட்டுல கரண்டி விளிம்பை அழுத்தி, தலையிலேருந்து வாலு வரைக்கும் பிரிக்கணும். மேல ரெண்டு சதையையும் இடமும் வலமுமா தள்ளினா முள் முழுசாத் தெரியும். வாலுப் பக்கம் முள்கரண்டியைச் சொருகித் தலையோட சேர்த்து ஒரே தூக்கு. கீழ ரெண்டு, மேல ரெண்டு, மறுபடி மீன் வடிவத்துலயே அடுக்கிடலாம். பழகின கைக்கு ரெண்டு நிமிஷம். தட்டு சூடா இருக்கணும். ஜில்லுன்னு இருக்கிற தட்டுல வெச்சா முள் எடுத்து முடிக்கிறதுக்குள்ள வெண்ணெய் உறைஞ்சு வெளுத்துப் போகும்.

பிடிச்ச அன்னைக்கே இந்த மீனைச் சமைச்சா ரப்பர் மாதிரி இருக்கும். ரெண்டு மூணு நாள் ஐஸ்ல இருந்தாத்தான் சதை இளகி ருசி வரும். ‘இன்னைக்குப் பிடிச்சது’ன்னு சொன்னா எல்லா மீனுக்கும் அது பெருமை, சோலுக்கு இல்லை.

இலைச்சாப்பாடு

கேட்காமல் சொல்வதற்கு மன்னிக்கவும், ஆனால் சைவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு இப்படிப்பட்ட இடத்துக்குக் கிளம்பினால் உதவும். பார்த்தது இதுதான்: ‘சைவம் மட்டும்’ என்று சொல்லி வந்த மேசைக்குக் காளான் ரிசோட்டோ (இத்தாலியக் குழைசாதம்) வந்தது. கேட்டபோது, ‘இறைச்சி எதுவும் போடவில்லை, கோழி ஸ்டாக் (எலும்பு வேகவைத்த சாறு) மட்டும்தான்’ என்றார் பரிமாறுநர், உண்மையான அக்கறையோடு. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு இறைச்சி என்றால் தட்டில் தெரிவது.

பிரெஞ்சு முறைச் சமையலறையில் இறைச்சி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் இருக்கும். வெங்காய சூப்பின் அடி மாட்டெலும்பு ஸ்டாக். பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும், பாலைத் திரிய வைக்கும் ரென்னெட் இல்லாமல் செய்யவே விதி கிடையாது. க்ருயேர், ரோக்ஃபோர் பாலாடைக்கட்டிகளின் கதையும் அதேதான். மூஸ், பன்னகோட்டா, பவாருவா என்ற இனிப்புகளை உறைய வைப்பது பெரும்பாலும் விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். சீசர் சாலட்டிலும் வூஸ்டர் சாஸிலும் நெத்திலி இனத்து மீன். பிரிட்டனில் கிறிஸ்துமஸ் புட்டிங்கில் மாட்டுக் கொழுப்பு, சில இடங்களில் உருளைச் சிப்ஸ் பொரிப்பதும் அதில்தான்.

‘ஒவ்வாமைப் பட்டியலைக் காட்டுங்கள்’ என்று கேட்டால் தெரிந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். தெரியாது. பிரிட்டன் சட்டம் சொல்லும் 14 பொருள்களில் மீன், முட்டை, பால், கடுகு, எள் எல்லாம் உண்டு. இறைச்சி, ஜெலட்டின், ரென்னெட் கிடையாது. அதனால் அந்தத் தாள் சுத்தமாக இருந்தும் தட்டில் மாட்டுச் சாறு இருக்கலாம். முன்பதிவின்போதே, குறைந்தது இரண்டு நாள் முன்னால், ஸ்டாக், ஜெலட்டின், ரென்னெட், நெத்திலி, விலங்குக் கொழுப்பு என்று பெயர் சொல்லி எழுதுங்கள். ‘வெஜிடேரியன்’ என்ற ஒரு சொல்லை நம்ப வேண்டாம். முட்டை கூடாதென்றால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். அவர்கள் அகராதியில் முட்டை சைவம். சூசெட்டும் முட்டைதான், பிராந்தியை நிறுத்தினாலும் முட்டை நிற்காது. பழையமெனு ஐயா அதைச் சொல்லவில்லை என்பதால் சேர்க்கிறேன்.

பழையமெனு

சரியான திருத்தம். கிரேப் மாவில் 125 கிராம் மைதாவுக்கு இரண்டு முட்டை, 250 மில்லி பால். முட்டையை எடுத்தால் மடிக்கும்போது வெடிக்கும்.

அடுப்படி

அடித்த முட்டை வெண்கருவால் கிண்ணத்துக்கு மேல் உப்பி எழும்பும் சூஃப்ளே பற்றி யாரும் எழுதவில்லையே. நெஞ்சில் நிற்கும் காட்சி: நான்கு பேர் மேசை, மூன்று சூஃப்ளே நேராக எழும்பி நின்றன, நான்காவது ஒரு பக்கம் மட்டும் ஏறி, தொப்பி சாய்ந்தாற்போல. ருசி ஒன்றுதான், ஆனால் அந்த ஒரு கிண்ணம் யார் முன்னால் வைக்கப்பட்டதோ அவர் முகத்தை மறக்க முடியாது.

கிண்ணத்தின் உள்சுவரில் வெண்ணெய் பூசும்போது தூரிகை கீழிருந்து மேலாகத்தான் போக வேண்டும். குறுக்கே பூசிய இடத்தில் மாவு பிடித்துக்கொண்டு ஏறாது. சர்க்கரை தூவி, கலவையை விளிம்பு வரை நிரப்பி, மேலே கத்தியால் மட்டம் தட்டிய பின் கட்டை விரலால் விளிம்பைச் சுற்றி ஒரு சிறு பள்ளம் போடுவார்கள். அவசரத்தில் அந்தச் சுற்று முக்கால் வட்டத்தில் நின்றுவிட்டால், மீதிக் கால் வட்டத்தில் கலவை கிண்ணத்தோடு ஒட்டிக்கொள்ளும். சாய்வது அதனால்தான். முட்டை வெண்கருவை அளவுக்கு மீறி அடித்துவிட்டாலும் கலக்கும்போது கட்டி கட்டியாக நின்று மேற்புறம் வெடிக்கும். நுனி வளையும் பதத்தில் நிறுத்த வேண்டும், விறைத்து நிற்கும் பதம் வேண்டாம்.

சாப்பிடுபவர் செய்ய வேண்டியது இரண்டே. முதன்மை உணவைச் சொல்லும்போதே சூஃப்ளேயையும் சொல்லிவிடுங்கள், ஏறத்தாழ 20 நிமிடம் அவர்களுக்குத் தேவை. வந்தவுடன் படம் எடுத்துக்கொண்டிருக்காதீர்கள். உள்ளே இருப்பது சூடான காற்று, மேசைக்கு வந்த கணத்திலிருந்தே அது குளிர்ந்து சுருங்கிக்கொண்டிருக்கிறது. பரிமாறுநர் நடுவில் குழி செய்து சாஸ் ஊற்றுவது அழகுக்கு அல்ல. ஆவியை வெளியேற்றி நடுப்பகுதியைச் சாப்பிடும் சூட்டுக்குக் கொண்டுவருவதற்கு.

கரண்டிமுள்

இன்னொண்ணு சொல்லணும், யாரும் கேட்கலைன்னாலும். லண்டன் ரிட்ஸ் ஹோட்டல் உணவகத்துல ஆம்பளைங்களுக்குக் கோட்டும் டையும் கட்டாயம், ஜீன்ஸுக்கு இடமில்லை. 1906-ல திறந்த இடம், இந்த விஷயத்துல இறங்கி வரலை. மெனுவுல ‘ஆர்ட் த லா தாப்ல்’ங்கிற தலைப்புக்குக் கீழ இருக்கிறதுதான் மேசையருகே செய்யறது. அது பெரும்பாலும் ரெண்டு பேருக்குன்னுதான் வரும், தனியாப் போறவங்க முன்கூட்டிக் கேட்டுக்கணும்.

பில்லுல சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கான்னு பார்த்துட்டு டிப்ஸ் வைங்க. இங்கிலாந்துல 2024 அக்டோபர் 1 முதல் அந்தக் கட்டணம் முழுசும் வேலைக்காரங்களுக்கே போகணும்னு சட்டம் வந்தாச்சு. அதனால ‘முதலாளி எடுத்துக்குவான்’னு ரெண்டாவது தடவை தனியா வைக்க வேண்டிய அவசியம் இல்லை.

கடலோரம்

சட்டம் சரிங்க, ஆனா வண்டில மாட்டிறைச்சி அறுத்துத் தர்ற கார்வருக்குக் கையில காசு கொடுக்கிறது லண்டன் ஸ்ட்ராண்ட் தெரு சிம்ப்சன்ஸ் உணவகத்துல ரொம்ப காலமா வந்த பழக்கம். அது கட்டணம் இல்லை, மரியாதை. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுப் பேசாதீங்க.

வெள்ளித்தட்டு

அந்தப் பழக்கத்தை யாரும் குறை சொல்லவில்லை, கடலோரம். கரண்டிமுள், ஒரே கேள்வி: சாறு 50 மில்லிக்கு வற்றிவிட்டது என்பதை மேசையருகே அளக்காமல் எப்படித் தெரிந்துகொள்வார்கள்?

கரண்டிமுள்

குமிழியைப் பாருங்க சார். சாறா இருக்கிற வரைக்கும் குமிழி சின்னதா, வேகமா, சட்டி முழுக்கத் துள்ளும். பாகாகிற நேரத்துல பெரிசாகி, மெதுவா, பளபளன்னு உடையும். சட்டியைச் சாய்ச்சு முள்கரண்டியால அடியில ஒரு கோடு இழுத்தா, அந்தக் கோடு ஒரு நொடி மூடாம நிக்கும். அப்ப அடுப்பைக் குறைச்சு, கிரேப்பை ஒவ்வொண்ணாப் போடலாம்.