காங்கேயம் பொலிகாளை: பின்னங்கால் குளம்பு திருகியிருக்கு, வாங்கலாமா?

கேள்வி:
மயிலைக் காளை, ரெண்டு பல் (சுமார் ரெண்டரை வயசு). இனவிருத்திக்குத்தான் பார்க்கிறோம். திமிலும் உடல் நீளமும் குறை சொல்ல முடியாது. பின்னங்கால் ரெண்டிலும் வெளிக்குளம்பு நீண்டு, நுனி உள்ளே திரும்பி, பக்கத்துக் குளம்பு மேல ஏறுது. நடக்கவிட்டா பின்கால், முன்கால் தடத்துக்கு நாலு விரற்கடை பின்னாலயே விழுது. "கட்டியே கிடந்த மாடு, சீவிட்டா சரியாயிடும்"ங்கறாரு விற்கிறவர். நம்பலாங்களா?

பதில் 1:
சீவாம இருக்கறதே உங்களுக்கு நல்லதுங்க. குளம்பு மாசத்துக்கு அரை சென்டிமீட்டர் போலத்தான் வளரும். சீவிக் காட்டியிருந்தா ரெண்டு மூணு மாசத்துக்குக் குறை கண்ணுல படாது.

கொரங்காட்டு (மானாவாரி மேய்ச்சல் நில) சரளையில மேயற மாட்டுக்குக் குளம்பு தானா தேயும், கட்டுத்தறியில நிக்கறதுக்கு நீளும், அது வாஸ்தவம். ஆனா அப்படி நீண்டா, காலுக்கு ரெண்டா எட்டுக் குளம்பும் நீளணும். தானியத் தீனி மிஞ்சினாலும் அப்படித்தான், எல்லாக் குளம்புலயும் வளையம் வளையமா மேடு தட்டும். பின்னங்கால் வெளிக்குளம்பு மட்டும் திருகினா வம்சத்தைத்தான் சந்தேகப்படணும். காலைத் தூக்கி அடியைப் பாருங்க. வெளிச்சுவர் உள்ளாற மடங்கி, அந்தச் சுவர் மேலயே மிதிச்சு நடக்குதா?

பதில் 2:
நடையையும் இன்னொருக்கா பாருங்க. சமதரையில ஈரமண் பரப்பி, கயித்தைத் தளர விட்டு 20 அடி நடத்துங்க. இழுத்தா எட்டு (காலடி நீளம்) மாறிடும். பின்குளம்பு முன்குளம்புத் தடத்துலயே விழறதுதான் நல்ல நடை.

எட்டு குறைஞ்சா ஒண்ணு வலி, இல்லைன்னா பின்னங்கால் முட்டியில வளைவே இல்லாத கோல்கால். பக்கவாட்டுல நின்னு, வாலடிக்குப் பக்கத்து எலும்பு நுனியில இருந்து நூல் தொங்கறதா நினைச்சுக்கங்க. முட்டியோட பின்பக்கத்தை ஒட்டி இறங்கணும். முட்டி நூலை விட்டு முன்னால தள்ளி நின்னா கோல்கால். பசு மேல ஏறும்போது மொத்த பாரமும் பின்னங்கால்லதான். அதிர்ச்சி தாங்க வளைவு இல்லைன்னா முட்டியில நீர் கோத்துக்கும்.

கேட்டவர்:
பார்த்துட்டேங்க. வெளிச்சுவர் மடங்கித்தான் இருக்கு. முன்னங்கால் சுத்தம். முட்டி வளைவு சரி, வீக்கமும் இல்லை.

பதில் 1:
அப்போ திருகுகுளம்புதான். சீவலாம், திரும்பவும் வரும். சாதாரணமா மூணு வயசு தாண்டித்தான் நல்லாத் தெரியும்; ரெண்டு பல்லுலயே காட்டுதுன்னா பொலிக்கு வேண்டாம். ஆங்கஸ் கறிமாடு வளர்க்கிறவங்க குளம்பு அமைப்புக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுவாங்க, 5தான் சரியான குளம்பு. இது ரொம்பத் திருகின 9 பக்கம். வண்டிக்கும் இந்தக் கால் உதவாதுங்க.

அதே பட்டியில வேற கன்னு பார்க்கறதா இருந்தா, முதல்ல தாய்ப்பசுவோட பின்னங்காலைத் தூக்கிப் பாருங்க.