முற்றவெளிக் கார்க் காட்சி: ‘எம்ஜி மாதிரி’க்கு எங்கட நிரையில இடம் குடுக்கலாமோ?

சோமசெற் 53

எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் கழிஞ்சு வாற ஞாயிறு யாழ்ப்பாணம் முற்றவெளியில பழைய கார்களை நிரையா விடப்போறம் எண்டது தெரியும்தானே. கூட வாறது ஒஸ்ரின் ஏ 40. அதுக்கடுத்து மொரிஸ் மைனர், கேம்பிரிட்ஜ், ஒரு ஃபோர்ட் ப்ரிஃபெக்ட். நேற்று ஒரு தம்பி தன்ர காரின்ர படம் அனுப்பியிருந்தார். தூரத்தில பாத்தால் 1950களின்ர எம்ஜி ரீடி எண்ட இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார். கிட்டப் பாத்தால் பொடி முழுக்க ஃபைபர், கீழ ஃபொக்ஸ்வாகன் பீற்றிலின்ர அடித்தட்டு. கலியாண வீடுகளுக்கு ஹயர் ஓடுற கார். முகப்பில எம்ஜியின்ர எண்கோணச் சின்னம் வேற. அதையும் எங்கட நிரையில விடட்டாம்.

நான் வேண்டாம் எண்டுறன். எங்கட வீட்டு ஒஸ்ரின் ஏ 40 சோமசெற் 1953 ஆம் ஆண்டுக் கார். 1957 இல நம்பர் பிளேற்றுக்குச் சிங்கள சிறி எழுத்து வந்து, எங்கட சனம் அதுக்கு எதிராப் போராடினதுக்கு முதலே பதிஞ்சபடியால் ஆங்கில எழுத்து நம்பர். 1990 இல பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போக, மண்ணெண்ணெயில ஓடின கார் அது. சின்னப் போத்திலில வச்சிருந்த பெற்றோலில ரெண்டு மூண்டு சொட்டைக் காபரேற்றருக்குள்ள விட்டு அப்பா ஸ்ரார்ட் பண்ணுவார். சூடேறினாப்போல மண்ணெண்ணெய்க்கு மாத்துவார். வெள்ளைப் புகை ஒழுங்கை முழுக்க நிக்கும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்தபோது, இந்தக் காரிலதான் வெளிக்கிட்டம். பின் சீற்றில அம்மம்மாவும் பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாச்சி அக்காவும். சனம் அசையேலாமல் நெருங்கி நிண்டது. எண்ணெயை மிச்சம் பிடிக்க எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு நானும் அப்பாவும் தள்ளிக்கொண்டு போனம். நாவற்குழிப் பாலம் தாண்ட விடிஞ்சு போச்சு. அந்த அக்கா இறுக்கிப் பிடிச்சுக் கிழிச்ச கதவு ரெக்சீனை நான் இண்டைவரைக்கும் தைக்கேல்லை.

அச்சில வார்த்த காரை இதுக்குப் பக்கத்தில விட எனக்கு மனம் வராது.

மயிலிட்டிப் பெடியன்

அண்ணை, அந்தக் கார் என்ர. நீங்கள் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். கோவம் இல்லை, ஆனால் எல்லாத்தையும் சொல்லவேணும்.

எங்கட அப்பா ஃபைபர் படகு கட்டுறவர். நோர்வே உதவியோட காரைநகரில சீநோர் படகுத் தொழிற்சாலை தொடங்கின பிறகு வடக்கில பரவின தொழில். எம்ஜி ரீடியின்ர அளவுகளை எடுத்து, பலகையில முழு உருவம் செய்து, படகுக்கு எடுக்கிற மாதிரியே அச்சு எடுத்தம். ஜெல்கோட் அடிச்சு, கண்ணாடிநார் மாற் விரிச்சு, ரெசின் பூசி, உருளையால காத்துக் குமிழெல்லாம் வெளியேற்றி ஒவ்வொரு படையா ஏத்தினது. முன் மட்கார்டின்ர வளைவு மட்டும் மூண்டுதரம் பிழைச்சது. கதவுகூட ரீடியின்ர மாதிரிப் பின்பக்கம் பிணைச்சல். 14 மாத வேலை. கலியாணத்துக்கு வாற சனம் சந்தோசமாப் படமெடுக்குது. உண்மையான ரீடியை நான் எந்தக் காலத்தில வாங்குவன்?

ஹரோ வடலி

தம்பியின் உழைப்பை மதிக்கிறேன். ஆனாலும் சோமசெற் சொல்வதுதான் சரி. நான் இங்கே லண்டனில் முப்பது வருடமாகப் பழைய கார்க் கூட்டங்களுக்குப் போகிறேன். ரீடியின் உடம்பு, ஆஷ் மரச் சட்டகத்தின் மேல் தகரம் போர்த்தியது. 1250 சிசி எஞ்சின், இரண்டு எஸ்யு காபரேற்றர். 1950 முதல் 53 வரை ஏறக்குறைய 30,000 செய்தார்கள். தம்பியின் படத்தில் கம்பிச் சில்லு தெரிகிறது. ரீடி தொழிற்சாலையிலிருந்து தட்டுச் சில்லோடுதான் வந்தது. கம்பிச் சில்லு அதற்கு முந்திய ரீசிக்குரியது. நாளைக்கு முற்றவெளிக்கு வரும் பள்ளிக்கூடப் பிள்ளை இதைப் பார்த்து, ரீடி இப்படித்தான் இருந்தது என்று வீட்டுக்குப் போகும். இல்லாத ஒன்று வரலாறாகிவிடும். எனக்கு இதுதான் பயம்.

கோப்ரா என்ற ஸ்போர்ட்ஸ் காரைப் பாருங்கள். 1960களில் செய்தது ஆயிரத்துக்குக் கிட்ட. இன்று வீதியில் காணும் கோப்ராக்களில் பெரும்பாலானவை ஃபைபர் நகல். உண்மையான ஒன்றைக் கொண்டுவருபவரிடமும் ‘இது அசலா?’ என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எவ்வளவு வேதனை!

நல்லூர் மேற்கு வீதி

நான் கார் ஓட்டுறவள், கார் சேர்க்கிறவள் இல்லை. ஒரு கேள்வி கேக்கிறன். எங்கட ஊர்க் கோயில்த் தேர் இத்துப்போனால் என்ன செய்யிறம்? ஆசாரிமாரைக் கூப்பிட்டுப் புதுத்தேர் செய்து வெள்ளோட்டம் விடுறம். அடுத்த திருவிழாவுக்குச் சாமி அதில ஏறுது. ஆரும் அதை ‘தேர் மாதிரி’ எண்டு சொல்லுறதில்லை. நல்லூர்க் கோயிலை 1621 இல போத்துக்கீசர் இடிச்சாங்கள். இப்ப நாங்கள் கும்பிடுறது நூறு வருசத்துக்கு மேல கழிச்சு வேற இடத்தில எழும்பினது. அதை நகல் எண்டு ஆராவது சொல்லுவினமோ? செய்யிற கையும் செய்முறையும் தொடர்ந்து வந்தால் பொருளும் தொடருது எண்டுதான் நான் நினைக்கிறன்.

ஹரோ வடலி

அக்கா, தேர் நல்ல உதாரணம், ஆனால் எனக்குத்தான் அது உதவுகிறது. புதுத்தேரை அதே கோயில், அதே சாமிக்காகச் செய்கிறது. கார் உலகத்திலும் அது உண்டு. 1957 பெப்ரவரி 12 இல் ஜாகுவார் தொழிற்சாலை தீப்பிடித்தது. எக்ஸ்கேஎஸ்எஸ் என்ற ஸ்போர்ட்ஸ் கார்கள் 25 செய்ய இருந்தார்கள், 9 எரிந்துபோயின. 2016 இல் அதே ஜாகுவார் அந்த 9 ஐயும் செய்து முடிப்பதாக அறிவித்தது. அதுவே வெள்ளோட்டம். அதைக்கூட ‘தொடர்ச்சி’ என்று தனிப் பெயரில்தான் சொல்கிறார்கள். எம்ஜிக்கும் மயிலிட்டிக்கும் அப்படி என்ன தொடர்பு?

பழங்கார்ச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு ஃபீவா வைத்திருக்கும் வரையறையும் இருக்கிறது: 30 வருடமாவது பழையதாக இருக்கவேண்டும், வரலாற்றுக்குச் சரியான நிலையில் பேணப்படவேண்டும், அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படக்கூடாது.

கோண்டாவில் கராஜ்

வடலி, அந்த வரையறையை முற்றவெளிக்குக் கொண்டுவந்தால் பாதிக் காரை வாசலிலேயே திருப்பி அனுப்பவேணும். அன்றாடம் ஓடினபடியால்தான் எங்கட கார்கள் மிஞ்சினது. பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்தில ஹயருக்கு நிண்டு, சந்தைக்குக் கத்தரிக்காய் மூட்டை ஏத்தி, ஆசுபத்திரிக்கு நோயாளி ஏத்தி ஓடின கார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒண்டும் இருக்கேல்லை.

சோமசெற் தம்பி, நீர் கோவிக்கக்கூடாது. உம்மட காரை 97 இல பிரிச்சவன் நான். மண்ணெண்ணெய் எரிஞ்சு முடியாமல் சிலிண்டர் வழிய இறங்கி ஒயிலை இளக்கிப்போட்டுது. பேரிங் எல்லாம் உரஞ்சி, கிராங் சாஃப்ற்றில விரல் வச்சால் வாய்க்கால் மாதிரித் தட்டுப்பட்டுது. அந்த 1200 சிசி எஞ்சினைக் காப்பாத்த ஏலாமல் போச்சு. இப்ப உள்ளுக்க இருக்கிறது ஏ 50 கேம்பிரிட்ஜின்ர 1489 சிசி. வலதுபக்க முன் மட்கார்ட் எண்ணெய் பீப்பாவை வெட்டி விரிச்சு, மணல் மூட்டையில வச்சு நான் அடிச்சது. கொப்பர் அதுக்குக் காசு தர, நான் பாதிதான் வாங்கினன்.

எது அசல் எண்டு கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியும். இந்த ஊரில அசல் எண்டது சாமான் தட்டுப்பாடான காலத்தில ஒருத்தன் கையால செய்து பூட்டினது. அந்தப் பெடியனும் அதைத்தான் செய்திருக்கிறான்.

சோமசெற் 53

கராஜ் அண்ணை, நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. எஞ்சின் மாறினது தெரியும், மட்கார்ட் கதை இப்பதான் தெரியும். அப்பா ஒருநாளும் சொல்லேல்லை.

ஆனாலும் நான் மாறேல்லை. மட்கார்ட் உக்கினபடியால் மட்கார்ட் அடிச்சியள். கார் ஓடவேணும் எண்டு எஞ்சின் மாத்தினியள். ஒவ்வொரு ஒட்டும் ஒரு தேவையால வந்தது. தம்பியின்ர கார் அப்பிடி உக்கித் திருத்தி வந்ததில்லை. ஒரு நாளில எம்ஜி ஆகினது. அதோட, எம்ஜி வேணும் எண்டு ஒரு பீற்றிலை வெட்டியிருக்கிறியள். அதுவும் பழைய கார்தானே? அதின்ர கதை எங்க போச்சு? எனக்கு இதுதான் பெரிய நோவு.

மயிலிட்டிப் பெடியன்

அண்ணை, அந்தக் கதையை நீங்கள் கேப்பியள் எண்டு நினைக்கேல்லை.

பீற்றில் எங்கட பெரியப்பாவின்ரது. அவர் மயிலிட்டியில சம்மாட்டி, மீன்பிடிப் படகுகளின்ர சொந்தக்காரர். 1990 யூனில சண்டையால எல்லாரும் உடுத்த உடுப்போட வெளிக்கிட்டவை. அண்டைக்குக் காரில பற்றரி இல்லை. மாலுக்குள்ள, கொட்டிலுக்குள்ள, விட்டுப் பூட்டிப்போட்டு வந்தார், ரெண்டு கிழமையில திரும்புவம் எண்டு. 2017 யூலையில ஆமி துறைமுகப் பக்கத்தை விட்டாப்பிறகுதான் போய்ப் பாத்தம். வீட்டுக்குக் கூரை இல்லை. மால் இருந்த இடத்தில கொடி மூடிக் கிடந்ததை விலக்கினால் கார். உப்புக் காத்தில 27 வருசம். கதவில கைவைக்கக் கொட்டுண்டுது. பொடியெண்டு சொல்ல ஒண்டும் இல்லை, எஞ்சின் இறுகிப்போச்சு. நடுமுதுகும் அடித்தட்டின்ர முக்கால்வாசியும் மட்டும் மிஞ்சினது.

பீற்றில் பொடி தேடினம், கிடைக்கேல்லை. பீற்றிலுக்கும் ரீடிக்கும் சில்லிடை நீளம் ஏறக்குறைய ஒண்டு, 94 அங்குலமளவில. வெளிநாடுகளில அதாலதான் இந்த மாதிரி கூடச் செய்தவை. அப்பா சொன்னார், இரும்பில ஏலாது, எங்களுக்குத் தெரிஞ்சதில செய்வம் எண்டு. பெரியப்பா கடைசியா வெளிய போனது இந்தக் காரிலதான், முன் சீற்றில இருந்து துறைமுகம் பாக்க. வெட்டினது நாங்கள் இல்லை, அண்ணை.

சோமசெற் 53

நான் எழுதின சொல்லுக்கு மன்னிப்புக் கேக்கிறன். பீற்றிலின்ர நம்பர் பின் சீற்றுக்குக் கீழ நடுமுதுகில குத்தியிருக்கும். அது இருக்கோ? நாளைக்குக் காலமை வரலாமோ?

மயிலிட்டிப் பெடியன்

வாங்கோ அண்ணை. அம்மா புட்டு அவிப்பா.

சோமசெற் 53

போய் வந்தன். போனற்றைத் திறந்தால் எஞ்சின் இல்லை, ஒரு சூட்கேசும் கலியாணப் பூமாலை நாரும். எஞ்சின் பின்னுக்கு. பேந்து பின் சீற்றைத் தூக்கினம். துரு மேல பெயின்ற் அடிச்சிருந்தவை. மண்ணெண்ணெய்ச் சீலையால தேய்க்கத் தேய்க்க இலக்கங்கள் ஒவ்வொண்டா வந்தது. கடைசி ரெண்டும் தடவித்தான் தெரிஞ்சது. பெரியப்பாவின்ர பழைய பதிவுக் கொப்பியோட வச்சுப் பாத்தம். அதே நம்பர்.

என்ர முடிவு: எம்ஜி எண்டு வந்தால் இடம் இல்லை. முகப்புச் சின்னத்தைக் கழட்டுறன் எண்டு தம்பி சொல்லிப்போட்டார். ‘மயிலிட்டி பீற்றில், பொடி படகுக்காரர் செய்தது’ எண்டு பலகை வச்சால் என்ர காருக்கு அடுத்ததா நிக்கட்டும்.

ஹரோ வடலி

எனக்கு இன்னும் உடன்பாடில்லை. பலகையை எத்தனை பேர் வாசிப்பார்கள்? கண்தான் முதலில் நம்பும். கம்பிச் சில்லாவது கழற்றப்படவேண்டும்.

மயிலிட்டிப் பெடியன்

அது சில்லுத் தொப்பிதான் ஐயா, கலியாணக்காரர் கேட்டுப் போட்டது. காட்சிக்குக் கழட்டிவிடுறன்.

கோண்டாவில் கராஜ்

பலகை நான் எழுதுறன். ஆனால் எல்லாக் காருக்கும் எழுதுவன். சோமசெற்றுக்கு ‘எஞ்சின் ஏ 50 கேம்பிரிட்ஜ், 1489 சிசி, 1997 இல் மாற்றியது’ எண்டு போடலாமோ தம்பி?

சோமசெற் 53

போடுங்கோ அண்ணை. மட்கார்ட் ஆர் அடிச்சது எண்டதையும் போடுங்கோ.