ஜன்னல் இல்லாத ஜன்னல் சீட்

மேகத்தைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்ற ஆசையில் விமானத்தில் கூடுதல் காசு கட்டி 11ஏ சீட் வாங்கினேன். உட்கார்ந்து இடப்பக்கம் திரும்பினால் வெறும் சுவர். முன்சீட்டுக்காரரின் ஜன்னல் மட்டும் அவர் தோளுக்குப் பின்னால் ஒரு விரற்கடை தெரிந்தது. பணிப்பெண்ணிடம் காட்டினேன். "இந்த வரிசை அப்படித்தான் சார். தினமும் யாராவது கேட்பாங்க" என்று சிரித்துவிட்டுப் போனார்.

வந்திறங்கித் தேடிப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. நான் போனது போயிங் 737 ரக விமானம். அதில் ஏசி காற்றை அடிவயிற்றிலிருந்து கூரைக்குக் கொண்டுபோகும் குழாய் அந்தச் சுவருக்குள்தான் ஏறுகிறது. அதற்கு வழிவிட்டு, இறக்கைக்குச் சற்று முன்னால் ஒரு ஜன்னலை விட்டுவிடுகிறார்கள். வரிசை எண் 9, 10, 11 என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சீட் தேர்வு செய்யும் திரையிலோ எல்லாம் ஒரே மாதிரிக் கட்டங்கள்! இப்போதெல்லாம் முதலில் எந்த ரக விமானம் என்று பார்க்கிறேன். அப்புறம் ஏரோலோபா தளத்தைத் திறப்பேன். அதில் ஜன்னல் எங்கெங்கே வருகிறது என்பதுவரை வரைந்து வைத்திருக்கிறார்கள்.

*

எனக்கு ஜன்னல் பிரச்சினை இல்லை, கால்தான் பிரச்சினை. ஆறடிக்கு மேல் உயரம். இறக்கைமேல் அவசர வழி இருக்கும் வரிசை கிடைத்ததும் ஒரே குஷி. ஆனால் அங்கே அடுத்தடுத்து இரண்டு வரிசைகள் இருந்தன, நான் எடுத்தது முன்னது. சாய்ந்தால் பின்வரிசைக்காரர் வெளியேறும் வழியை அது மறைத்துவிடும் என்பதால் அந்தச் சீட் சாயவே சாயாது. கால் நீட்டினேன், முதுகு மட்டும் விடியவிடிய நிமிர்ந்தே இருந்தது. கேட்டால் இரண்டாவது வரிசையைக் கேளுங்கள். குழந்தையோடு போகிறவர்களுக்கு அங்கே இடம் தரமாட்டார்கள்.

*

நாங்கள் இருவர் போனால் ஏர்பஸ் ஏ330 ரக விமானம் கிடைக்குமா என்றுதான் பார்ப்போம். 2-4-2 அமைப்பு, அதாவது இரு ஓரத்திலும் இரண்டிரண்டு சீட், நடுவில் நான்கு. ஓரத்து இரண்டு சீட்டும் நமக்கே. மூன்றாம் ஆளைத் தாண்டிக் கழிப்பறைக்குப் போகும் சங்கடம் இல்லை. ஒருமுறை கடைசி நேரத்தில் விமானத்தையே மாற்றி, எங்களை ஆளுக்கொரு மூலையில் போட்டுவிட்டார்கள். அதிலிருந்து கிளம்பும் முந்தின நாளும் சீட் எண்ணைச் சரிபார்க்கிறேன்.

*

முதலில் எழுதியவன்தான். போன மாதம் அதே கம்பெனி, அதே 737, ஆனால் இரவுப் பயணம். நானே கேட்டு 11ஏ வாங்கினேன். தலை சாய்க்க அந்தச் சுவர் அருமை.