பொது இடங்களில் வண்ணம்: எது நிற்கிறது, எது காலை வாரிவிடுகிறது?

நடைபாதை, சுண்ணாம்புவாளி, மதில் என்ற புனைபெயர்களில் மூவர் எழுதியது.

நடைபாதை:
நடைபாதையில் பார்வையற்றோருக்காகப் பதிக்கும் புடைப்பு டைல் ஏன் மஞ்சளாகவே இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். பார்வை அறவே இல்லாதவருக்குக் குச்சியும் பாதமும் போதும். மஞ்சள், பார்வை மங்கியவர்களுக்காக. செய்ச்சி மியாகே உருவாக்கிய இந்த டைல் 1967-இல் ஜப்பானின் ஒகயாமாவில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டது. நீளக் கோடு இருந்தால் நேரே நடக்கலாம், புள்ளி வந்தால் நின்று கவனிக்க வேண்டும்.

அழகு கெடுகிறது என்று சாம்பல் தரையில் சாம்பல் டைலையே பதித்துவிடுகிறார்கள். இல்லாவிட்டால் வெளிர்மஞ்சள் கல்லுக்கு நடுவே மஞ்சள். இரண்டும் ஒன்றுதான், கண்ணுக்குத் தெரியாது. டைலும் பக்கத்துத் தரையும் ஒளியைத் திருப்பும் அளவில் (0 முதல் 100 வரை) 30 புள்ளியாவது விலகி நிற்க வேண்டும். அளக்கக் கருவி இல்லையென்றால் போனில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். கோடு தரையோடு கரைந்துவிட்டால் அந்த டைலை வாங்க வேண்டாம். தரையை நனைத்தும் ஒரு படம் எடுங்கள். சிமெண்ட் நனைந்தால் கறுக்கும், கணக்கு மாறிவிடும்.

சுண்ணாம்புவாளி:
கோயில் பிரகாரத்தில் வெள்ளைப் பட்டை அடிப்பவர்களுக்கு நாலு வார்த்தை. சித்திரை வெயிலில் மதியம் ஒரு மணிக்குக் கருங்கல்லில் கால் வைக்க முடியாது. வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்புவதால் பட்டையில் நடக்க முடிகிறது. ஆனால் தளம் முழுக்க வெள்ளை அடித்தால் கண் கூசும், வயதானவர்களுக்குப் படி எங்கே முடிகிறது என்றே தெரியாது. எதிரெதிரே இருவர் ஒதுங்கிப் போக நாலடி அகலம் போதும்.

விளக்குகளிலிருந்து சிந்திய எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, கல் நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டு கோட் அடியுங்கள். பிசுக்கின் மேல் அடித்தால் தோல் தோலாக உரியும். பளபளக்கும் பெயிண்ட் வேண்டவே வேண்டாம், அபிஷேகத் தண்ணீர் பட்டால் ஈரக்கால் வழுக்கும். பட்டை தூசியில் பழுப்பேறினால் மறுபடி சுடும். பெயிண்ட் போய்விட்டது என்பார்கள். பெரும்பாலும் கழுவாததுதான் காரணம்.

மதில்:
சுவரோவியம் என்றால் சென்னையின் கண்ணகி நகரைச் சொல்லாமல் முடியாது. அச்சில் வார்த்தது மாதிரி நிற்கும் குடியிருப்பு பிளாக்குகளுக்கு 2020-இல் பெரிய ஓவியங்கள் வந்தன. பிளாக் நம்பரைத் தேடாமல் படத்தைச் சொல்லியே வழிகாட்டலாம், இது சின்ன விஷயமில்லை. ஆனால் சுவர் ஒத்துழைக்க வேண்டுமே. புதுப்பூச்சு 28 நாள் ஆறாமல் வண்ணம் அடித்தால் சிமெண்டின் காரம் நிறத்தைத் தின்னும், வெள்ளையாய் உப்புப் பூக்கும். உப்பைத் தண்ணீரில் கழுவினால் கரைந்து உள்ளே போய்த் திரும்ப வரும். காய்ந்த பிரஷ்ஷால் உதறிவிட்டு, கசிவை அடைத்த பிறகுதான் பிரைமர்.

மேற்குச் சுவரில் பளீர் சிவப்பும் ரோஜாவும் முதலில் வெளுக்கும். காவி நிற்கும், ஏனென்றால் அது இரும்பு ஆக்சைடு, வெயில் அதை எளிதில் உடைக்காது. கோயில் மதிலில் காவியும் வெள்ளையும் தாக்குப்பிடிப்பது அந்தக் காலத்தவருக்குத் தெரிந்தே இருந்திருக்கும் போல.

நடைபாதை:
மாடிப்படி மூலையில் நாலடி உயரத்துக்குக் கரும்பழுப்பு எனாமல் அடிக்கிறார்களே, வெற்றிலைக் கறை தெரியக் கூடாதென்று. கறை தெரியாவிட்டால் யாரும் கழுவுவதில்லை, ராத்திரியில் மூலையும் இருண்டு கிடக்கும். சுவரில் வெளிர்நிற டைல் ஒட்டி, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் 50 மி.மீ. கறுப்புப் பட்டை போடுங்கள்.

இன்னொன்று: பழைய மஞ்சள் சோடியம் விளக்கின் கீழ் நீலம் கறுப்பாகவும் சிவப்பு பழுப்பாகவும் தெரியும். அந்தத் தெருவுக்குப் போர்டு நிறத்தைப் பகலில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.