சராசரி வேகம் 50 ஆகாமல் 48 ஆவது ஏன்?

ஏழாம் வகுப்பு மாணவியின் தாய்:
வணக்கம். என் மகள் பின்னம், தசமம், விழுக்காடு ஆகியவற்றைத் தனியாகக் கொடுத்தால் பிழையின்றிச் செய்துவிடுகிறாள். அவையே வாக்கியக் கணக்காக வரும்போது, கேள்வியை முழுவதும் படிக்கும் முன்பே எண்களைக் கூட்டவோ பெருக்கவோ தொடங்கிவிடுகிறாள். அண்மையில் வந்த கணக்கு இது: ஒருவர் ஓரிடத்திற்கு மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சென்று, அதே வழியில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் திரும்பினால், முழுப் பயணத்தின் சராசரி வேகம் என்ன? இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 50 என்றாள். விடைப் பகுதியில் 48 என்று உள்ளது. தொலைவே கொடுக்கப்படாத கணக்கில் இது எப்படி வருகிறது?

கணித ஆசிரியர்:
வணக்கம் அம்மா. எண்களைத் தொடுவதற்கு முன், எதைக் கேட்கிறார்கள் என்பதை அவள் தன் சொற்களில் ஒரு வரியாக எழுதட்டும். சராசரி வேகம் என்பது மொத்தத் தொலைவை மொத்த நேரத்தால் வகுத்துக் கிடைப்பது. அந்த வரியை எழுதிவிட்டாலே, தொலைவும் நேரமும் தேவை என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். 40-ஆலும் 60-ஆலும் மீதியின்றி வகுபடும் 120 கி.மீ.யை ஒருவழித் தொலைவாக எடுத்துக்கொள்ளுங்கள். போக 3 மணி நேரம், திரும்ப 2 மணி நேரம். மொத்தம் 240 கி.மீ., 5 மணி நேரம், எனவே 48.

விடையைவிட முக்கியமானது, 50 ஏன் பொருந்தவில்லை என்பது. அவர் குறைந்த வேகத்தில் 3 மணி நேரமும் கூடிய வேகத்தில் 2 மணி நேரமும் பயணம் செய்திருக்கிறார். ஆகவே சராசரி 40-இன் பக்கம் சற்றுச் சாய்கிறது. இரண்டு வேகத்திலும் சம நேரம் சென்றிருந்தால் அவள் சொன்ன 50 சரியே.

ஏழாம் வகுப்பு மாணவியின் தாய்:
மிக்க நன்றி. 120 என்று நாமே வைத்துக்கொண்டால், வேறு தொலைவுக்கு விடை மாறிவிடாதா என்று கேட்கிறாள்.

கணித ஆசிரியர்:
மிக நல்ல கேள்வி; அதை அவளிடம் கட்டாயம் சொல்லுங்கள். முதலில் 60 கி.மீ. வைத்துப் பார்க்கட்டும்: 1.5 மணி நேரமும் 1 மணி நேரமும் சேர்ந்து 2.5, 120-ஐ 2.5-ஆல் வகுத்தால் மீண்டும் 48. பிறகு தொலைவை 'த' என்று எழுதினால், மொத்த நேரம் த/40 + த/60, அதாவது த/24. மொத்தத் தொலைவான 2த-வை இதனால் வகுக்கும்போது 'த' நீங்கி 48 மட்டும் நிற்கும்.

மற்றொரு வாசகர்:
கேள்வியில் வரும் சொல்லை வைத்தே செயலைத் தீர்மானிக்கும் பழக்கத்தையும் கவனியுங்கள். "என்னிடம் 24 வில்லைகள் உள்ளன, இது உன்னிடம் இருப்பதைவிட 6 அதிகம்" என்றால், 'அதிகம்' என்ற சொல்லைப் பார்த்ததும் பலர் கூட்டிவிடுகிறார்கள். யாரிடம் கூடுதல் என்பதை இரண்டு கோடுகளாக வரைந்தால் 18 என்பது தெளிவாகும். விடை கிடைத்தபின் கேள்விக்குத் திரும்புவதும் தேவை. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்த தேசிய அளவிலான மதிப்பீட்டில், 1128 படைவீரர்களை ஏற்றிச்செல்ல, ஒன்றுக்கு 36 பேர் வீதம் எத்தனை பேருந்துகள் வேண்டும் என்று 13 வயதினரிடம் கேட்டார்கள். ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் சரியாக வகுத்தும், 32 என்று விடை எழுதியவர்கள் 23 விழுக்காட்டினரே. பலர் ஈவு 31, மீதி 12 என்று எழுதி நிறுத்திவிட்டார்கள். அந்த 12 பேருக்கும் ஒரு பேருந்து வேண்டும்.