புதுப்பிப்பு: டிரைவ் ஷாப்ட் நட்டு, அந்த 'டக்' சத்தம்

காரின் டிரைவ் ஷாப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) மாற்றிய பிறகு, ரிவர்ஸ் எடுக்கும்போது இடது முன்சக்கரத்தில் 'டக்' என்று கேட்கிறது என்று எழுதியிருந்தேன். இப்போது சத்தம் இல்லை. காரணம் இதுதான்: பட்டறையில் ஏர் கன்னில் (காற்றழுத்தத்தில் நட்டு முடுக்கும் கருவி) அடித்ததோடு விட்டிருக்கிறார்கள், ஷாப்டைச் சக்கரத்தோடு பிடிக்கும் நடு நட்டு போதிய இறுக்கத்தில் இல்லை.

பழைய நட்டைத் திரும்பப் போடாதே என்று சொன்ன அண்ணனுக்கு மிக்க நன்றி. சுங்கை சிப்புட் கடையிலேயே புது நட்டு கிடைத்தது. செம்பனைத் தோட்டச் சாலையின் செம்மண் மரை முழுக்க ஏறியிருந்தது. அதைத் துடைத்தெடுக்கத்தான் நேரம் பிடித்தது. அப்புறம் தம்பி பிரேக்கை மிதித்துக்கொள்ள, மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சில் (முறுக்குவிசையை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) முறுக்கி, நட்டு கழலாமல் இருக்க அதன் விளிம்பை ஷாப்டில் உள்ள பள்ளத்துக்குள் தட்டிவிட்டேன்.

மரையில் எண்ணெய் தடவலாமா என்று கேட்டவருக்கு: மேனுவல் சொல்லாவிட்டால் வேண்டாம். நாம் கொடுக்கும் முறுக்குவிசையில் சுமார் 90 சதவீதம் உராய்வுக்கே போகிறது, மீதிதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. எண்ணெய் பட்டால் உராய்வு குறைந்து, அதே அளவிலேயே போல்ட் தாங்காத அளவுக்கு இழுபடும்.

மேனுவலில் கிலோகிராம்-மீட்டரில் அளவு இருந்தால் 9.8 ஆல் பெருக்குங்கள், நியூட்டன்-மீட்டர் வரும். டார்க் ரெஞ்சில் 'கிளிக்' கேட்டதும் கையை எடுத்துவிடுங்கள். ரெஞ்சை எடுத்து வைக்கும் முன் குறைந்த அளவுக்குத் திருப்பிவிடவும் வேண்டும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளராமல் இருக்கும்.